நாற்பத்தொரு இரும்பு மூடிகள்

என் சித்தி முப்பது வருடமாக அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தே சம்பளம் வாங்கியவள். இப்படிச் சொல்வது சித்தப்பாதான். நகராட்சியின் தண்ணீர்ப் பிரிவில் மீட்டர் அளவு எடுப்பது அவள் வேலை. தோளில் ஒரு பை, கையில் டார்ச், ஒரு சிறிய இரும்புக் கொக்கி. வாசலில் தரையோடு தரையாகப் பதிந்திருக்கும் மூடியைக் கொக்கியால் தூக்குவாள். உள்ளே குடியிருக்கும் கரப்பான்களை விரட்டிவிட்டு, கண்ணாடிக்குள் சுழலும் எண்ணைப் பதிவேட்டில் எழுதுவாள். மூடியைக் காலாலேயே தள்ளி மூடிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவாள். தெருவில் அவளுக்கு மீட்டரம்மா என்று பெயர்.

நிலநடுக்கம் வந்தபோது நான் நான்கு நாடுகள் தள்ளி இருந்தேன். பதினோராம் நாள்தான் வந்து சேர முடிந்தது. சித்தியும் சித்தப்பாவும் பள்ளி மைதானத்தில் ஒரு கூடாரத்தில் இருந்தார்கள். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற சித்தப்பாவுக்கு இடது கையில் மாவுக்கட்டு. என்னைப் பார்த்ததும், "உள்ள போம்மா, உள்ள போ, இடம் இருக்கு," என்றார். மூன்று பேர் படுத்தால் நான்காமவர் நிற்க வேண்டிய கூடாரம் அது.

எங்கள் தெருவில் நாற்பத்தொரு வீடுகள் இருந்தன. எல்லாம் சுவரோடு சுவர் ஒட்டியவை. அவற்றில் ஒன்றுகூட நிற்கவில்லை. ஏழு பேர் போய்விட்டார்கள். ஒன்பதாம் எண் வீட்டில் மிச்சம் இருந்தது, வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் மட்டும். ஆட்களைத் தேடி முடித்த பிறகு இயந்திரங்கள் வந்து இடிபாட்டை மூன்றே வாரத்தில் வாரிக்கொண்டு போயின. தெரு இருந்த இடம் வெறும் மண் திடலாகிவிட்டது. எது யார் வீடு என்று சொல்ல ஒரு செங்கல் இல்லை. பத்திரங்கள் இருந்த அலுவலகமும் விழுந்து, எல்லாக் காகிதமும் நனைந்து கூழாகிப் போயிருந்தது.

அப்போதுதான் சர்வேயர் வந்தாள். என் வயதுதான் இருக்கும். மைதானத்துத் தார்ப்பாய்க்கு அடியில் எல்லோரையும் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னாள். நாற்பத்தொரு வீட்டுக்காரர்களும் தங்கள் எல்லைகளை ஒத்துக்கொண்டு ஒரே படத்தில் கையெழுத்துப் போட்டால் அதே இடத்தில் வீடு கட்டித் தரப்படும். மாதக் கடைசிவரை அவகாசம். ஒரு கையெழுத்து குறைந்தாலும் எல்லோருக்கும் மலைக்குப் பின்னால் மனை. அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும்.

"ரெண்டாவது பஸ் எப்ப வரும்னு எனக்குத் தெரியும்," என்றார் சித்தப்பா. "வராது."

கூட்டம் அரைமணி நேரம்கூட அமைதியாக இருக்கவில்லை. என் சுவர் இங்கே, உன் சுவர் அங்கே என்று ஆளாளுக்குக் கையை நீட்டினார்கள். எல்லோரும் சொன்ன அகலத்தைக் கூட்டினால் தெரு ஆற்றைத் தாண்டிப் போய்விடும் என்றார் இருபத்தேழாம் எண் கணக்கு வாத்தியார். "உங்க அகலத்தையும் சேர்த்துத்தானே கூட்டினீங்க?" என்று கேட்டார் பக்கத்து வீடான இருபத்தாறாம் எண்ணின் ரொட்டிக்கடைக்காரர். இருவருக்கும் நடுவே ஒன்றரை அடி வழக்கு. அந்த ஒன்றரை அடியில்தான் தன் அடுப்பின் பின்சுவர் இருந்தது என்றார் கடைக்காரர்.

சித்தி எழுந்தாள். "மேல இருந்ததைத்தானே அள்ளிட்டுப் போனாங்க? கீழ இருக்கிறது அப்படியேதான் இருக்கும்."

அவள் சொன்னது இதுதான். தண்ணீர் இணைப்பு கொடுப்பதில் அவர்கள் பிரிவில் ஒரு விதி உண்டு. வீட்டைப் பார்த்து நின்றால் வலப்பக்க எல்லையிலிருந்து இரண்டடி உள்ளே மீட்டர் பெட்டி வைப்பார்கள். எல்லா வீட்டுக்கும் அப்படித்தான். பெட்டியைக் கண்டுபிடித்தால் எல்லை கிடைத்துவிடும். ஒவ்வொரு பெட்டியும் எங்கே என்று அவள் காலுக்குத் தெரியும்.

மறுநாள் காலை திடலில் எல்லோரும் கூடினார்கள். சித்தி தெருமுனைக் கல்லிலிருந்து நடந்தாள். சில அடிகள் போனதும் நிற்பாள், குதிகாலைத் தரையில் ஊன்றித் திருகுவாள், "இங்க" என்பாள். கடப்பாரை இறங்கினால் 'ணங்' என்று சத்தம் வரும். நான் டேப்பைப் பிடித்தேன். சர்வேயர் சுண்ணாம்புக் கோடு போட்டாள். ஒன்பதாம் எண்ணின் மூடி கிடைத்தபோது அந்த மகள் குனிந்து, மூடியின் மேலிருந்த மண்ணைத் தன் துப்பட்டாவால் துடைத்தாள். இரண்டு நாளில் இருபத்தாறு மூடிகள். ஒரு குறி தவறவில்லை. இருபத்துநான்கு பேர் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். சித்தி நடக்கும் நடையே மாறிவிட்டது. பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, மேலதிகாரி போல.

மூன்றாம் நாள் காலை இருபத்தேழு.

சித்தி நடந்தாள், நின்றாள், ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தாள். மற்ற வீடுகளில் அப்படிப் பார்க்கவில்லை. பிறகு குதிகாலைத் திருகினாள். "இங்க."

கடப்பாரை மண்ணில் இறங்கியது. சத்தம் வரவில்லை. ஓரடி, இரண்டடி, மூன்றடி தோண்டினோம். மண், மண்ணுக்குக் கீழே இன்னும் மண். பக்கத்தில் அரையடி தள்ளித் தோண்டினோம். அங்கேயும் இல்லை.

ரொட்டிக்கடைக்காரர் குழிக்குள் எட்டிப் பார்த்தார். "மீட்டரம்மா, இது தப்புன்னா மத்தது மட்டும் சரின்னு எப்படி நம்புறது? என் அடுப்பு உங்க குதிகாலுக்குப் பயந்து ஒதுங்கணுமா?"

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. கையெழுத்துப் போட்ட மூன்று பேர் சர்வேயரிடம் போய்த் தங்கள் கையெழுத்தை அடிக்கச் சொன்னார்கள். மாதக் கடைசிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

சித்தப்பா சித்தியின் காதருகே குனிந்தார். "நிலநடுக்கத்துல நகர்ந்து போச்சுன்னு சொல்லிடு. யாரு போய் பூமியைக் கூப்பிட்டு விசாரிக்கப் போறா?"

சர்வேயரும் கிட்டத்தட்ட அதையே சொன்னாள். "நகர்ந்திருக்கலாம்கா. 'இடம் பெயர்ந்தது'ன்னு ஒரு வரி எழுதிக்கிறேன்."

சித்தி குழியின் விளிம்பில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் மண்கட்டிகளை உதைத்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அப்படி எழுதினா என்னாகும் தெரியுமா?" என்றாள் என்னிடம். "இது நகர்ந்துச்சுன்னா மத்ததும் நகர்ந்திருக்கும்பாங்க. படத்தையே கிழிச்சுப் போட வேண்டியதுதான். மலைக்குப் பின்னாடி போய் உக்காந்துக்கலாம்."

"அப்ப எங்கதான் போச்சு சித்தி?"

"எனக்குத் தெரியாதுடி. நான் பாக்கவே இல்ல."

எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். ஓய்வு பெற அவளுக்கு இரண்டு வருடம்தான் இருந்தது. எதிரே நிற்கும் சர்வேயரும் அதே நகராட்சி. காதில் விழுந்தால் அறிக்கை எழுதியாக வேண்டியவள்.

"எல்லாரும் கேளுங்க," என்றாள் சித்தி. "பூமி எதையும் நகர்த்தல. இந்த வீட்டுக்குள்ள நான் ஆறு வருஷமா போகல."

கணக்கு வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மாசாமாசம் ரீடிங் வந்துச்சே?"

"கேட்டுலயே நின்னு போன மாச அளவைப் பாத்து எழுதினேன். உங்க நாய்க்குப் பயந்துகிட்டு."

அந்த நாயைத் தெருவே அறியும். மேனேஜர் என்று பெயர். வாத்தியாரின் வீட்டுக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்று அதுதான் முடிவு செய்துகொண்டிருந்தது.

"மேனேஜர் செத்து ஒண்ணரை வருஷம் ஆச்சேம்மா!"

"தெரியும். அப்புறமும் போகல. பழகிப்போச்சு."

முதலில் சிரித்தது முப்பத்துநான்காம் எண் தையல்காரம்மா. பிறகு பலரும் சிரித்தார்கள். "அப்ப ஆறு வருஷமா எங்க வீட்ல எவ்வளவு தண்ணி ஓடிச்சுன்னு கற்பனை பண்ணியே எழுதினீங்களா?" என்று வாத்தியார் கேட்க, "வாத்தியார் எத்தனை தடவை குளிப்பாருன்னு ஒரு ஊகந்தான்," என்றார் சித்தப்பா. சித்தி சிரிக்கவில்லை. முகம் சிவந்திருந்தது.

"இருபத்தாறு பெட்டியை நான் கையால தொட்டிருக்கேன். அதனால சொன்னேன், கிடைச்சுது. இதை ஆறு வருஷமா தொட்டதில்ல. தொட்ட மாதிரி சொல்லிட்டேன். அது என் தப்பு. இனிமே என் பேச்சை யாரும் நம்ப வேணாம். மிச்சம் எல்லாத்தையும் நீங்களே தோண்டுங்க. சொந்த வீட்டை இல்ல, பக்கத்து வீட்டை. ஏற்கெனவே கிடைச்ச மூடியையும் மறுபடி திறந்து, பக்கத்து வீட்டுக்காரர் பாத்துச் சரின்னு சொன்னா மட்டும் கோடு போடுவோம்."

வாத்தியார் கண்ணாடியை மாட்டினார், மறுபடி கழற்றினார். "நானும் ஒண்ணு சொல்லிடறேன். ஸ்கூட்டர் நிறுத்த இடம் பத்தலைன்னு அஞ்சு வருஷம் முன்னாடி பெட்டியை இடது பக்கம் தள்ளி வச்சேன். ஆபீஸ்ல எழுதிக் குடுக்கல."

"இத்தனை நேரம் குழி வெட்டுறதை வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்தீங்களே!" என்று கத்தினார் ரொட்டிக்கடைக்காரர்.

"சொல்லத்தான் வந்தேன். நடுவுல அபராதம் ஞாபகம் வந்துடுச்சு."

இடப்பக்கம் தோண்டியதும் 'ணங்' என்றது. ஆனால் நகர்த்திய பெட்டியை வைத்து எல்லை சொல்ல முடியாது. சித்தி கொஞ்சம் யோசித்துவிட்டுத் தெருவின் நடுவைக் காட்டினாள். பெட்டியை நகர்த்தினாலும் பெரிய குழாயில் பழைய இணைப்பு எடுத்த துளையை யாராலும் நகர்த்த முடியாது. அடைத்துத்தான் வைத்திருப்பார்கள். அன்று மதியம்வரை பெரிய குழாயின் நெடுகத் தோண்டினோம். வாத்தியாரும் ரொட்டிக்கடைக்காரரும் எதிரெதிரே நின்று ஒருவர்மேல் ஒருவர் மண்ணை வீசிக்கொண்டு தோண்டினார்கள். குழாயின் முதுகில் பித்தளை அடைப்பான் ஒன்று வெளிப்பட்டது. சர்வேயர் கிடைத்த மூடிகளின் மேல் ஒரு கயிற்றை இழுத்துக் கட்டியிருந்தாள். அது கோணாமல் நேராக இருந்தது. பூமி வளையவில்லை. அடைப்பானிலிருந்து வீட்டுப் பக்கம் நேர்கோடு இழுத்து வலப்பக்கம் இரண்டடி சேர்த்ததும் எல்லை கிடைத்தது.

கடைக்காரருக்கு ஒன்பது அங்குலம் போனது. டேப்பை வாங்கித் தானே இருமுறை அளந்தார். டேப்பைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த ஐந்து நாள் தெரு முழுவதும் குழி. பக்கத்து வீட்டுக்காரர் பக்கத்து வீட்டைத் தோண்டினார். முப்பத்துமூன்றாம் எண் தாத்தாவுக்கு முடியாது என்பதால் தையல்காரம்மா இரட்டை வேலை பார்த்தார். மூடி திறக்கும்போதெல்லாம் இரு பக்கத்தாரும் குனிந்து பார்த்து "சரி" என்றார்கள். கையெழுத்தை அடிக்கச் சொன்னவர்கள் மறுபடி போட்டார்கள். நாற்பது கையெழுத்து சேர்ந்துவிட்டது.

சித்தி தினமும் காலையில் ரொட்டிக்கடைக்காரரின் கூடாரத்துக்குப் போனாள். வாசலில் உட்காருவாள். அவர் மனைவி கொடுக்கும் டீயைக் குடிப்பாள். ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வருவாள். கடைசி நாளுக்கு முந்தின நாள் நானும் கூடப் போனேன்.

"எதையாவது பேசித் தொலைங்களேன் மீட்டரம்மா," என்றார் அவர்.

"பேச என்ன இருக்கு? குழியில நீங்கதானே இறங்கிப் பாத்தீங்க."

"ஒன்பது அங்குலம்."

"ஆமா."

"அடுப்போட வாயை வேற பக்கம் திருப்பணும்."

"திருப்புங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள், "மலைக்குப் பின்னாடி யாருக்கு ரொட்டி சுடுவீங்க, ஆட்டுக்கா?" என்றாள். சித்தி படத்தை விரித்துப் பிடித்தாள். அவர் பேனாவை உள்ளங்கையில் இரண்டுமுறை தட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

படிவத்தில் 'தகவலின் ஆதாரம்' என்று ஒரு கட்டம் இருந்தது. சர்வேயர் 'மீட்டர் பணியாளரின் நினைவு' என்று ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள். சித்தி அதை அடிக்கச் சொன்னாள். "தோண்டிப் பாத்ததுன்னு எழுது. இருபத்தேழுக்கு, ஆறு வருஷம் பணியாளர் நேர்ல பாக்கல, பிறகு தோண்டிப் பாத்ததுன்னு எழுது."

"அக்கா, இது உங்க பிரிவுக்குப் போகும். மெமோ வரும்."

"வரட்டும். படத்துல பொய் இருந்தா நாளைக்கு எவனாவது ஒருத்தன் அதை வச்சே மொத்தத்தையும் செல்லாதும்பான்."

படம் ஏற்கப்பட்டது. மெமோவும் வந்தது. விசாரணைக்கு இரண்டு முறை போய்வந்தாள். ஒரு வருட ஊதிய உயர்வு நிறுத்தம். அந்த உத்தரவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேராகத் திடலுக்குத்தான் வந்தாள். அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். அவளுக்காக அங்கே நான்கைந்து பேர் காத்திருந்தார்கள். அடுத்த தெருக்காரர்கள். அவர்களுக்கும் ஐம்பத்திரண்டு வீடுகள், மூன்று வாரம் அவகாசம்.

"மீட்டரம்மா, எங்க தெருவுக்கும் வரணும்," என்றார் அவர்களில் மூத்தவர். "ஆனா முதல்ல இதைச் சொல்லுங்க. எங்க தெருவுல எத்தனை வீட்டுக்குள்ள போகாம எழுதினீங்க?"

சித்தி விரல்விட்டு எண்ணினாள்.

"மூணு," என்றாள். "அந்த மூணையும் முதல்ல தோண்டுவோம். கடப்பாரை இருக்கா?"