ஹந்தானையிலிருந்து கிளினிக்குக்கு: நோயாளி யார்?

போன மாதம் ஒரு புதன்கிழமை, மஹய்யாவயிலிருந்து ஹந்தானைக்கு ஏறினேன். மலை பார்க்க அல்ல. என் மனைவியின் அண்ணன் செல்வராஜ் மச்சானைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக. வயது ஐம்பத்தெட்டு. இரவில் ஐந்து தடவை மூத்திரத்துக்கு எழும்புகிறார், அதில் இரத்தமும் கண்டிருக்கிறார். அவருடைய அப்பா போனது புரஸ்டேட் புற்றுநோயில். அந்தப் பயத்தில் தோட்ட டாக்டர் கொடுத்த கடிதத்தை மூன்று கிழமை சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தவர்.

காலை 6.10க்குப் புறப்பட்டோம். த்ரீவீலர் தொள்ளாயிரம் ரூபாய். மலை இறங்குவதற்குள் இரண்டு முறை நிறுத்தச் சொன்னார். "தேயிலைக்கு உரம் போட்டது போதும், ஏறுங்க மச்சான்" என்றேன். ஓட்டி வந்த முஸ்லிம் நானா மட்டும் சிரிக்கவில்லை. "எங்க மாமாவுக்கும் இதுதான். நேரத்தோட காட்டினதால இப்ப நல்லா இருக்கார்" என்றார்.

ஆஸ்பத்திரியில் 6.45க்கே வரிசை. தமிழ் பேசுகிற நர்ஸ் மிஸ் ஒருவர் கேட்டார், "யாருக்கு வருத்தம்?"

மச்சான் என்னைக் காட்டினார். வீட்டிலும் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்திருக்கிறார், மாப்பிள்ளைக்கு, அதாவது எனக்கு, துணைக்குப் போவதாக.

"கடிதத்துல செல்வராஜ்னு இருக்கே?"

"பேரு அவருடையது மிஸ். பயம் ரெண்டு பேருக்கும்" என்றேன். பொய்யில்லை. எனக்கும் கொஞ்ச நாளாக மூத்திரம் இழுத்துக்கொண்டுதான் போகிறது.

"அப்ப நீங்களும் ஓபிடியில துண்டுச்சீட்டு எடுத்துட்டு வாங்க."

எடுத்தேன். அதைப் பார்த்த பிறகுதான் மச்சான் கதிரையை விட்டு எழுந்தார். உள்ளே போனவர் எதையும் ஒளிக்கவில்லை. இரத்தம், அப்பா, மூன்று கிழமை, எல்லாம் சொல்லியிருக்கிறார். டாக்டர் பின்பக்கம் விரல் விட்டுப் பார்த்ததையும் தாங்கிக்கொண்டார். என் முறை வந்தபோது நான் பாதியைத்தான் சொன்னேன். அந்த மனிதர் மேல் எனக்கு அன்றைக்குத்தான் மரியாதை வந்தது.

வெளியே வந்து தன் மனைவிக்குப் போன் போட்டார். "புள்ள, மாப்புளைக்கு இல்ல. எனக்குத்தான்."

போகிறவர்களுக்கு: கடிதம், அடையாள அட்டை, தண்ணீர் கொண்டுபோங்கள். கக்கூஸ் எங்கே என்று முதலில் கேட்டு வையுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லை. ஐம்பது தாண்டியவர்களும், அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இந்த நோய் இருந்தவர்கள் அதற்கு முன்னாலும், டாக்டரிடம் கேளுங்கள். இரத்தப் பரிசோதனையில் பிஎஸ்ஏ எண் கூடினால் அது புற்றுநோய்தான் என்றில்லை, வயதுக்குப் புரஸ்டேட் வீங்கினாலும் கூடுமாம்.

இரண்டு பேருக்கும் இரத்தம் எடுத்தார்கள். என் எண் சரி. மச்சானுடையது கூடியிருக்கிறது. வருகிற வியாழன் சதைத்துண்டு எடுத்துப் பார்க்கிறார்கள். அதே த்ரீவீலரில் மச்சானின் மனைவியும் வருகிறாராம். "ஒனக்கு இந்தத் தடவை முன்னாடி, நானா பக்கத்துலதான் எடம் மாப்புள" என்கிறார் மச்சான்.