தொண்டைக்குள் ஒரு பனையேறி

எங்கள் தெருவில் லோடு ஆட்டோ ஓட்டும் செந்தாமரை அக்கா விலங்கியலில் எம்.எஸ்சி. அவர் வண்டியில் நெல் மூட்டை ஏறினாலும் தீவன மூட்டை ஏறினாலும், கூடவே ஒரு மீன் கதையும் ஏறிவிடும். வாய்க்காலில் கிடக்கும் பனையேறிக் கெண்டைக்குத் தண்ணீருக்கு வெளியேயும் மூச்சுவிடத் தெரியுமாம். அதன் பழங்காலத்துச் சொந்தக்காரன் ஒருவன் திபெத்தில் கல்லாகிக் கிடக்கிறானாம். கேட்பவர்கள் கொட்டாவி விடுவார்கள். 'திபெத் அக்கா' என்று பட்டம் வைத்தது நான். எட்டாவதோடு நின்றவனுக்கு அதுதான் முடிந்த ஆராய்ச்சி.

போன சித்திரையில் வாய்க்கால் வற்றி, சேற்றில் மீன் துள்ளியது. கையில் ஒரு பனையேறி, காலடியில் இன்னொன்று. கை காலியாக வேண்டுமே என்று முதல் மீனைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தேன். எங்கள் ஊரில் எல்லாரும் செய்வதுதான். அது ஒரு துள்ளு துள்ளித் தலையோடு தொண்டைக்குள் போய்விட்டது. வால் மட்டும் வெளியே. மூச்சு விசில்போல வந்தது.

அப்பா ஓடிவந்து வாலைப் பிடித்தார்.

"இழுக்காதீங்க மாமா!" பக்கத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த அக்கா கத்தினார். "பின்னால இழுத்தா செவுள் விரிஞ்சு முள்ளு குத்தும். தொண்டையக் கிழிச்சிரும்!"

"உள்ள போயிருமேம்மா!"

"துணியால வாலைப் பிடிச்சுக்குங்க, போதும். வண்டில ஏறுங்க!"

மயிலாடுதுறை வரை, மூட்டைகளுக்கு நடுவே அப்பா என்னைக் குனியவைத்துப் பிடித்திருந்தார். முன்னாலிருந்து அக்காவின் குரல் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

"டேய் சேரா, மெதுவா மூச்ச இழு. அந்த மீனே சேத்துல சமாளிக்குது, நீ சமாளிக்க மாட்டியா?"

அந்தத் திட்டைப் பிடித்துக்கொண்டுதான் மூச்சு விட்டேன்.

ஆஸ்பத்திரியில் செவுளை வெட்டி மீனை எடுத்தார்கள். "இழுத்திருந்தீங்கன்னா பையன் இல்ல" என்றார் டாக்டர். அப்பா அக்காவைப் பார்த்துக் கைகூப்பினார். அக்கா டாக்டரைப் பார்த்து, "அந்த மீனைக் குடுப்பீங்களா?" என்றார். இப்போது நான் விடும் மூச்சில் பாதி அவருடையது. மீதியும் அவருடையதுதான்.

ஒரு வாரம் பேசக்கூடாது என்றார்கள். தெரு நிம்மதியாகத் தூங்கியது. அக்கா தினமும் வேலை முடிந்ததும் வந்து உட்கார்ந்து, பனையேறியின் வம்சக் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னார். இரண்டரைக் கோடி வருஷத்துக்கு முன்னால் திபெத் இவ்வளவு உயரமில்லையாம், குளிருமில்லையாம். குறுக்கே பேச முடியாத ஒரே ஆளாக நான் படுத்திருந்தேன்.

பேசலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, என்ன கேலி வரப்போகிறதோ என்று அக்கா முறைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

தொண்டை கரகரத்தது.

"அப்புறம் என்னாச்சுக்கா?" என்றேன்.