ஐந்து மணிக்கு மேல் வந்த தாய்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் தாதியாக இருந்தேன். பிள்ளைகள் வார்டு என் பொறுப்பு. நோயாளரைப் பார்க்க மாலை நாலிலிருந்து ஐந்து வரைதான் நேரம். டவுன்காரர்களுக்கு அது வசதி. தோட்டத்து ஆட்களுக்கு? பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துவிட்டு மலை இறங்கி வருவதற்குள் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். முந்தி இறங்கினால் அரைநாள் சம்பளம் போய்விடும். நானும் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள்; எனக்குத் தெரியாதா?

சுடுதண்ணீர் கொட்டிக் கால் வெந்துபோன ஒரு சின்னப் பெண்பிள்ளை வந்து சேர்ந்தது. அம்மாவைக் கேட்டு அழுததே தவிர, சோறு, பால் எதையும் வாயில் வைக்கவில்லை. கெஞ்சிப் பார்த்தேன், கதை சொல்லிப் பார்த்தேன். ம்ஹூம். இப்படியே போனால் பிள்ளை தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தத் தாயோ தினமும் மழையில் வந்து, கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாள். காவல்காரர் பேச்சுவாக்கில் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

ஐந்துக்கு மேல் அவளை உள்ளே விடலாமா என்று தலைமைத் தாதியான மேட்ரனிடம் போய்க் கேட்டேன். காய்ச்சல் பார்ப்பது, மருந்து கொடுப்பது, படுக்கை மாற்றுவது எல்லாம் ஐந்துக்கு மேல்தான், அப்போது ஆட்களை விட்டால் வேலை கெடும், ஞாயிற்றுக்கிழமை வரச் சொல் என்றார்.

மறுநாள் வேலையைத் தலைகீழாகப் புரட்டினேன். டவுன்காரர்கள் கட்டிலோரம் பேசிக்கொண்டிருக்கும்போதே அத்தனையையும் முடித்தேன். சிலர் முறைத்தார்கள், முறைக்கட்டும். ஐந்து அடித்ததும் நானே கேட்டுக்குப் போய் அவளைக் கூட்டிவந்தேன். சேற்றுக் காலோடு வார்டு வாசலில் தயங்கி நின்றாள்.

"தூர நின்னு மொகத்த மட்டும் பாத்துட்டுப் போயிர்றேங்க மிஸ்ஸி" என்றாள்.

"உள்ள வாங்க. நீங்களே ஊட்டுங்க" என்றேன்.

பிள்ளை கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போதே மேட்ரன் வந்துவிட்டார். சட்டம் தெரியாதா என்று கேட்டார். நான் விடவில்லை.

"என் வேலையில பாக்கி இருந்தா காட்டுங்க மேடம். ஞாயித்துக்கெழம வரைக்கும் இந்தப் புள்ள பட்டினி கெடக்காது."

கட்டில் கட்டிலாகப் பார்த்தார். ஒரு குறையும் அகப்படவில்லை. திரும்பிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து மற்றத் தாய்மாரும் வரத் தொடங்கினார்கள். அந்தப் பிள்ளை தன் காலாலேயே நடந்து வீடு போனது. எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. வரட்டுமே. போன இடத்திலும் ஐந்துக்குள் வேலையை முடித்துவிட்டுக் கேட்டுக்குப் போனேன். நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று யார் எனக்குப் பாடம் எடுத்தாலும், அந்த நேரம் யாருக்காக என்றுதான் இன்றைக்கும் முதலில் கேட்கிறேன்.