றுக்கியாவின் பானைகள்

தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தபோது றுக்கியா சிறு பிள்ளை. அகதி முகாமில் பொதுச் சமையல். அடுப்புப் பக்கமே போகாமல் வளர்ந்தாள். ஆனால் கலியாணம் பேச வந்தவர்களிடம் அவளுடைய உம்மா, "என்ட மகள்ட சோத்தத் திண்டா நீங்க வேற வீட்டில கை நனைக்க மாட்டீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். உப்பளத்தில் வேலை செய்த மின்ஹாஜ் அதை நம்பியே கட்டினான்.

கரைத்தீவில் குடித்தனம் தொடங்கிய முதல் கிழமையே சோறு அடிப்பிடித்தது. ரேடியோவில் பாட்டு வந்தால் றுக்கியாவுக்கு அடுப்பு மறந்துவிடும். கருகிய மண்பானையை வெளியே வைத்தால் நாலு பேர் பார்ப்பார்கள். வேலியோரத்து முருங்கையடியில் குழி தோண்டிப் புதைத்தாள்.

"இண்டைக்கு எனக்குக் கடைப் பாண் திங்க ஆசையா இரிக்கு" என்றாள் மின்ஹாஜிடம்.

அந்த ஆசை அவளுக்கு அடிக்கடி வந்தது.

சண்டை முடிந்து சில வருடங்களில், கடல்நீர்க் களப்பின் ஓரத்துப் பாதையை அகலமாக்கி ஒரு பாலமும் கட்டப் போகிறார்கள் என்று கதை வந்தது. அதற்கு முன், மண்ணுக்குள் பழைய காலத்துச் சாமான் ஏதும் கிடக்கிறதா என்று பார்க்கத் தொல்பொருள் ஆய்வுக்காரர்கள் வந்தார்கள். அவர்களின் பெரியவர் சவிரிமுத்து, பாதை போகிற வழி நெடுகச் சதுரக் குழிகள் வெட்டுவித்தார். அதில் ஒன்று முருங்கையடியில் விழுந்தது.

கறுத்த பானையொன்று தலைகாட்டியது. தூரிகையால் மண்ணைத் தட்டத் தட்ட, அதற்குக் கீழே இன்னொன்று, பக்கத்தில் இன்னொன்று. ஊர் கூடிவிட்டது. றுக்கியா மெல்லக் கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்தாள்.

"எல்லாத்திலயும் கருகின சோறு. ராசா காலத்துப் படையே தங்கியிருக்குமோ?" என்றார் சவிரிமுத்து.

றுக்கியாவோடு பல வருடமாகக் கதைக்காத பக்கத்து வீட்டு ஸுஹைரா எட்டிப் பார்த்தாள். "இப்பிடிச் சமைச்சவன்ட தலைய ராசா எடுத்திருப்பாரு, சேர்."

"ஏன் எடுக்கணும்?" என்று றுக்கியா சீறினாள். "அந்த மனிசனுக்கு வேற வேல இரிந்திரிக்கும்!"

அடியில் கிடந்த பானையைத் தூக்கினார் சவிரிமுத்து. அதற்குள் ஒரு பிளாஸ்டிக் சொப்பின் பேக் மடிந்து கிடந்தது. அவர் தூரிகையைக் கீழே வைத்தார்.

"இந்த வளவில ஆரு சமைக்கிறது?"

எல்லோரும் றுக்கியாவைப் பார்த்தார்கள். உப்பளத்திலிருந்து அப்போதுதான் வந்த மின்ஹாஜ் முன்னால் வந்து நின்றான்.

"எல்லாம் அவட இல்ல, சேர். மேல கிடந்த ரெண்டும் என்ட. மூத்தவள் பொறக்க இவ உம்மா வீட்ட போயிருந்தா. நான் ஆக்கிப் பாத்தன். எங்க புதைக்கிறதெண்டு எனக்குத் தெரிஞ்சிரிந்திச்சு."

"அப்ப என்ட புதுப் பானைய எடுத்தது நீங்களா?" றுக்கியா தலையில் கை வைத்தாள். "ஸுஹைராதான் களவெடுத்தாளெண்டு இவ்வளவு காலம் அவளோட கதைக்காம இரிந்தேனே!"

"அடி பாவி!" என்றாள் ஸுஹைரா. "இதுக்கா முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போன?"

சிரிப்பு அடங்கவே இல்லை. சவிரிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு குழியை மூடச் சொன்னார். தடை எதுவுமில்லாமல் பால வேலை தொடங்கியது.

பாலத்துக்குப் பெரிய பெயரொன்று பலகையில் எழுதியிருக்கிறது. யாரும் வாசிப்பதில்லை. பஸ் கொண்டக்டர், "பானைப் பாலம், இறங்குங்க!" என்றுதான் கத்துகிறான். றுக்கியா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மகாராணி மாதிரி இறங்குகிறாள்.