விறகு அறைக்கு முன்னால் பாடிய பாட்டு

ஆதரவற்ற பிள்ளைகளின் விடுதிகளைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் வேலைக்கு என்ன தகுதி வேண்டும் என்று அரசாங்க விளம்பரத்தில் விவரமாகப் போட்டிருந்தார்கள். பட்டப்படிப்பு, சென்னையில் ஒரு வருஷ சமூக சேவைப் பயிற்சி, தெளிவாக அறிக்கை எழுதும் திறமை, குழந்தைகளிடம் பரிவு, விருப்பு வெறுப்பு இல்லாத மனம். கடைசியாகச் சொன்னது மட்டும் என்னிடம் கிடையாது. அது இல்லாததால்தான் மற்றதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு சம்பாதித்தேன்.

புதுக்கோட்டை சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த வருஷம் எனக்குப் பத்து வயது. தாய் தகப்பன் இல்லாத பெண்பிள்ளைகளுக்கான விடுதி ஒன்றில் இருந்தேன். டவுன் முடிந்து திருவரங்குளம் ரோடு ஆரம்பிக்கிற இடத்தில் ஓட்டுக் கட்டடம், கிணறு, பின்பக்கம் ஒரு விறகு அறை. எங்களை ஆண்டவர் வார்டனம்மா. ஆண்டவர் என்று மரியாதையாக எழுதுவதோடு என் மரியாதை முடிந்தது.

சோதனைக்கு அதிகாரி வருவதாக இருந்தால் ஒரு வாரம் முன்னால் தபாலில் கடிதம் வரும். வந்ததும் பரணிலிருந்து புதுப் பாய்கள் இறங்கும். எங்கள் தலை எண்ணெயைப் பார்க்கும். வரவேற்புப் பாட்டைத் தொண்டை வறளப் பழகுவோம். அதிகாரி போனதும் பாய்கள் பரணுக்குப் போய்விடும், நாங்கள் பழைய கோணிச் சாக்குக்குத் திரும்புவோம்.

அந்தத் தடவை என் பக்கத்துச் சாக்கில் படுக்கிறவளுக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல். என்னைவிட ஒரு வயது சின்னவள். எனக்கென்று உலகத்தில் இருந்தது அவள் ஒருத்திதான். காய்ச்சல்காரப் பிள்ளையை அதிகாரி பார்த்தால் ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை என்று கேட்பாரே. அதனால் அவர் வரும் நாள் விடிந்ததும் வார்டனம்மா அவளைத் தூக்கிப் போய் விறகு அறையில் விட்டுப் பூட்டினார். எங்களை அந்தக் கதவுக்கு முன்னால் வரிசையாக நிறுத்தினார். எனக்குக் குரல் நன்றாக இருக்கும் என்பதால் நான் நடுவில்.

பாட்டு பாதி போகும்போது உள்ளேயிருந்து கேட்டது.

"தண்ணி... தண்ணி தாங்க..."

அதிகாரிக்குப் பின்னால் நின்ற வார்டனம்மா என்னைப் பார்த்து ஆள்காட்டி விரலை மேலே தூக்கினார். இன்னும் சத்தமாக என்று அர்த்தம். பாடினேன். விரல் இன்னும் உயர்ந்தது, என் குரலும் உயர்ந்தது. அதிகாரி என் கன்னத்தைத் தட்டிக்கொடுத்து, கோழிக் குழம்போடு சாப்பிட்டு, விடுதியின் பார்வை நோட்டில் இரண்டு வரி எழுதிவிட்டுப் போனார். அவள் மூன்றாம் நாள் பெரியாஸ்பத்திரியில் செத்துப்போனாள்.

அன்றிலிருந்து கறுவிக்கொண்டே படித்தேன். திருச்சியில் காலேஜ், சென்னையில் பயிற்சி, சர்வீஸ் கமிஷன் பரீட்சை. நேர்முகத்தில் ஒரு பெரியவர், "இந்த வேலைக்கு முக்கியமா என்னம்மா வேணும்?" என்றார். "பொறுமைங்க" என்றேன். பொய் சொல்லவில்லை. பதினைந்து வருஷம் பொறுத்திருந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே அந்த விடுதி என் பட்டியலில் வந்தது. வார்டனம்மா அப்போதும் அங்கேதான் இருந்தார். சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்க எனக்கு அதிகாரம் உண்டு. நான் கடிதம் போட்டேன். அதுவும் கார்த்திகை மாதம், ஊரெல்லாம் காய்ச்சல் அடிக்கும் நேரமாகப் பார்த்துப் போட்டேன். இன்ன தேதி, காலை பதினோரு மணி என்று என் கையாலேயே எழுதினேன். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்ற ஒரே நினைப்புதான் எனக்கு.

குதிரை வண்டியில் போய் இறங்கினேன். வார்டனம்மாவுக்குத் தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை.

"வாங்கம்மா, வாங்க. இங்கிட்டு நிழல்ல உக்காருங்க. புள்ளைக ஒரு பாட்டு பாடுவாக."

விறகு அறைக்கு முன்னால் எண்ணெய் வழியும் தலைகள் வரிசையாக நின்றன. நடுவில் நின்ற சிறுமி வாயைத் திறந்தாள்.

"பாட்டு வேண்டாம். யாரும் பேசக் கூடாது" என்றேன்.

எல்லோரும் அப்படியே நின்றார்கள். வார்டனம்மா என்னவோ சொல்ல வந்தார், கையைக் காட்டி நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் கதவுக்குப் பின்னாலிருந்து இருமல் வந்தது.

"சாவி" என்றேன்.

உள்ளே விறகுக் கட்டுகளுக்கு நடுவில் ஏழெட்டு வயதுப் பிள்ளை சுருண்டு கிடந்தது. உடம்பு அடுப்பாகச் சுட்டது. மடியில் போட்டுத் தண்ணீர் கொடுத்தேன்.

"எப்ப இருந்து இங்க இருக்க?"

"காலைல இருந்து. நீங்க வாரீகன்னு..."

நான் கடிதம் போடாமல் வந்திருந்தால் அந்தப் பிள்ளை கோணிச் சாக்கிலாவது படுத்திருக்கும்.

வந்த வண்டியிலேயே சமையல்கார அம்மாவோடு பிள்ளையைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். நானும் கூடப் போயிருக்க வேண்டும். போகவில்லை. எனக்கு அங்கே இன்னும் வேலை இருந்தது.

பழைய பார்வை நோட்டை எடுத்து வரச் சொன்னேன். நான் பாடிய அன்று அந்த அதிகாரி எழுதியதைத் தேடிப் புரட்டினேன், இருந்தது. "பிள்ளைகள் நன்றாகப் பாடுகிறார்கள். குறை ஒன்றும் இல்லை." அதைத் தேதியோடு வார்டனம்மாவுக்குக் கேட்கும்படி படித்தேன். புதுப் பக்கத்தில் நான் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு வார்டனம்மாவிடம் நீட்டினேன்.

"புள்ளைகளுக்குப் படிச்சுக் காட்டுங்க."

"நீ... நீங்க... அந்தப் பாட்டுக்காரப் புள்ளையா?"

"படிங்க."

முனகலாகப் படித்தார். நான் ஆள்காட்டி விரலை மேலே தூக்கினேன். அந்த விரலை அவருக்குத் தெரியும். குரல் கொஞ்சம் ஏறியது. இன்னும் தூக்கினேன். காய்ச்சல்காரப் பிள்ளையை விறகு அறையில் பூட்டி வைத்ததை, தண்ணீர்கூட வைக்காததை, ரோட்டில் போகிறவர்கள் நின்று கேட்கும்படி அவர் அழுதுகொண்டே படித்தார். அந்த அழுகை எனக்கு இனித்தது, இன்றைக்கும் இனிக்கிறது. அடுத்த மாதமே அவருக்கு வேலை போயிற்று.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தது. நான் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. நோட்டில் ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தேன். என் கடிதத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.