சக்கரத்தில் ஊதியவர்கள்

படகின் அடியில் ஆழம் காட்டும் கருவியைப் பொருத்திவிட்டு, தண்ணீர் ஓட்டத்தில் சுழன்று வேகம் காட்டுவதைக் கையில் எடுத்தேன். அதன் சின்னச் சக்கரத்தைக் கண்டதும் வாய் தானாகக் குவிந்தது.

அப்போது யுத்த காலம். கொட்டாஞ்சேனையில் படகு திருத்திய அப்பா, இப்படியொன்றைப் பற்றரியும் மீற்றருமாக வெள்ளவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். சின்னப்பிள்ளையாக நானும் கூட வந்தேன். சோதனைச் சாவடியில் வயர்களைக் கண்ட ஆமிக்காரன் துவக்கை நிமிர்த்தினான். நான் சக்கரத்தில் ஊதிக் காட்டினேன். மீற்றர் முள் எழும்பியது. ஆமிக்காரனும் குனிந்து ஊதினான். நான் ஊதிய அளவுக்கு முள் ஏறவில்லை.

"மஹத்தயாதான் வெண்டது," என்று வெற்றியை ஆமிக்காரனுக்கே கொடுத்தார் அப்பா சிங்களத்தில். அவன் சிரித்துக்கொண்டே எங்களைப் போகவிட்டான். வழிநெடுக நான் கோபத்தில் அப்பாவின் கையைப் பிடிக்காமலே வந்தேன்.

வீட்டுக் கதவைப் பூட்டிய பிறகுதான் சொன்னார்: "நீதான் பிள்ளை வெண்டனி."

இன்றும் பொருத்துமுன் பலமாக ஊதினேன்.