மெழுகு வாசம்

பதுளையின் பழைய வீதியில் நாங்கள் அறை எடுத்திருந்த ஹோட்டலின் முன்வாசலில் சிவப்பு மெழுகு மணத்தது. அந்த ஹோட்டல் தேயிலைத் தோட்டத்துத் துரையின் பங்களாவாக இருந்த காலத்தில், அங்கே வேலை செய்த அம்மா தரைக்கு மெழுகு பூசி, பாதித் தேங்காய் மட்டையைக் காலடியில் வைத்து முன்னும் பின்னுமாகத் தேய்க்கிற சரக் சரக்கை நான் பின்பக்கத்துச் சமையலறையான குசினியின் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தப் படியைத் தாண்ட எனக்கு அனுமதி இல்லை.

காரிலிருந்து இறங்கிய அம்மா, பழக்கத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பின்பக்கம் நடந்தார். குசினி இருந்த இடத்தில் நீச்சல்குளம் இருந்தது.

"அம்மா, இந்தப் பக்கம் வாங்க."

திரும்பி வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு முன்வாசல் ஏறினார். சாய்வு நாற்காலியில் அமர்ந்து தரையைப் பார்த்தார். மேனேஜரைக் கூப்பிட்டார்.

"தம்பி, மூலையில மெழுகு ஏறல. மட்டையில தேய்க்கச் சொல்லுங்க."

"சரிங்க மேடம்."

அம்மா செருப்புக் காலை நன்றாக நீட்டிக்கொண்டார்.